அமெரிக்க மருத்துவ ஆய்வு மானியம்: விண்ணப்பதாரர்களுக்கு மாறியுள்ள விதிகள் என்னென்ன?

புதுதில்லி: மருத்துவ ஆய்வுக்கு அரசுப் பணத்தை உலகிலேயே மிக அதிகமாக வழங்கும் அமைப்பு அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்). மானியம் கோரும் விஞ்ஞானிகளுக்கான விதிகளை அந்நிறுவனம் 2025 ஜனவரி முதல் அடுத்தடுத்து மாற்றி வருகிறது. விண்ணப்பத்துக்கு மதிப்பெண் வழங்கும் முறை மாறியுள்ளது. ஓராண்டில் ஒருவர் அனுப்பக்கூடிய விண்ணப்பங்களுக்கு உச்சவரம்பு வந்துள்ளது. வெளிநாட்டு நிறுவனங்களைக் கூட்டாளிகளாகச் சேர்ப்பதற்கு இருந்த பழைய வழி மூடப்பட்டுள்ளது. இவற்றுள் சில நீதிமன்றத்தில் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளன. சில முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டன. எது நடப்பில் உள்ளது, எது இல்லை என்பதை அறிவதே இப்போது விண்ணப்பதாரர்களுக்குத் தனி வேலையாகிவிட்டது.

இந்தியாவுக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், புணே பி.ஜே. மருத்துவக் கல்லூரி, சென்னையில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை என்ஐஎச் நிதியோடு நடைபெற்ற காசநோய் ஆய்வுகளில் பங்கேற்றுள்ளன. 45 வயதைக் கடந்த 72 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் தகவல் திரட்டிய ‘லாசி’ எனப்படும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வுக்கு மத்திய சுகாதார அமைச்சகத்துடன் என்ஐஎச்-இன் முதுமையியல் பிரிவும் நிதியளித்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆய்வகம் நடத்தும் இந்திய வம்சாவளி விஞ்ஞானிகளும், அங்கு முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்குச் செல்லும் இந்திய இளைஞர்களும் இந்த நிதியையே பெரிதும் சார்ந்துள்ளனர். 2025 ஏப்ரல் முதல் என்ஐஎச் இயக்குநராக உள்ள ஜெய் பட்டாச்சார்யா கொல்கத்தாவில் பிறந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மானியம் வழங்கப்படும் முறை

என்ஐஎச் என்பது 27 நிறுவனங்களையும் மையங்களையும் உள்ளடக்கிய அமைப்பு. புற்றுநோய், இதயம்–நுரையீரல், ஒவ்வாமை மற்றும் தொற்றுநோய், முதுமை என ஒவ்வொன்றுக்கும் தனித் துறை உண்டு. ஆண்டு நிதி ஒதுக்கீட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் வெளியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் செல்கிறது. 2023 நிதியாண்டில் சுமார் 50 ஆயிரம் போட்டி மானியங்களுக்காக 3,500 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிடப்பட்டது. 2,500-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த 3 லட்சத்துக்கும் அதிகமான ஆய்வாளர்கள் இதனால் பயன்பெறுகின்றனர்.

விண்ணப்பம் விஞ்ஞானியின் பெயரால் அறியப்பட்டாலும், சட்டப்படி விண்ணப்பதாரர் அவர் பணிபுரியும் நிறுவனமே. திட்டத்தை வழிநடத்துபவர் ‘முதன்மை ஆய்வாளர்’ எனப்படுகிறார். பெரும்பாலான ஆய்வாளர்கள் நாடுவது ‘ஆர்01’ என்ற மானியம். இதற்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. ஆனால் மாணவர்களுக்கான ‘எஃப்31’ போன்ற உதவித்தொகைகளுக்குக் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்களுக்கான ‘கே99’ மட்டும் வெளிநாட்டினருக்கும் திறந்திருக்கும் ஒரு முக்கிய விதிவிலக்கு.

வந்துசேரும் விண்ணப்பத்தை முதலில் அத்துறை வல்லுநர் குழு மதிப்பிடும். பின்னர் உரிய நிறுவனத்தின் ஆலோசனைக் குழு பரிசீலிக்கும். புதிய ஆர்01 விண்ணப்பங்களுக்கு பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5 என ஆண்டுக்கு மூன்று வழக்கமான கடைசி நாள்கள் உள்ளன. அனுப்பியதிலிருந்து பணம் கைக்கு வர ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும் என்பதால், விதி ஒன்று இடையில் மாறினால் ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களும் பாதிக்கப்படுகின்றனர்.

2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள்கள் நீடித்த அமெரிக்க அரசு முடக்கம் இந்தக் கால அட்டவணையை மேலும் குலைத்தது. அந்நாள்களில் நடக்கவிருந்த மதிப்பீட்டுக் கூட்டங்கள் ஒத்திவைக்கப்பட்டன.

மதிப்பீட்டில் புதிய அளவுகோல்

2025 ஜனவரி 25 அன்றும் அதன் பின்னரும் கடைசி நாள் கொண்ட பெரும்பாலான ஆய்வுத் திட்ட விண்ணப்பங்களுக்கு எளிமையாக்கப்பட்ட மதிப்பீட்டு முறை பொருந்தும். முந்தைய நிர்வாகக் காலத்திலேயே, 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாற்றம் இது.

பழைய முறையில் முக்கியத்துவம், ஆய்வாளர், புதுமை, அணுகுமுறை, சூழல் என ஐந்து கூறுகளுக்கும் தனித்தனியே மதிப்பெண் வழங்கப்பட்டது. இப்போது அவை மூன்றாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஆய்வின் முக்கியத்துவமும் புதுமையும் முதல் பிரிவு. ஆய்வு முறையின் கண்டிப்பும் நடைமுறைச் சாத்தியமும் இரண்டாவது பிரிவு. இவ்விரண்டுக்கும் 1 முதல் 9 வரை மதிப்பெண் உண்டு. நம் நாட்டுத் தேர்வு முறைக்கு நேர்மாறாக, இங்கு 1 என்பதே மிகச் சிறந்தது. ஆய்வாளரின் திறனும் நிறுவன வசதிகளும் அடங்கிய மூன்றாவது பிரிவுக்கு மதிப்பெண் இல்லை. அவை இந்தத் திட்டத்துக்குப் போதுமானவையா, இல்லையா என்று மட்டுமே மதிப்பீட்டாளர்கள் குறிப்பிட வேண்டும். போதாது எனில் எது குறைகிறது என்பதை விளக்க வேண்டும்.

புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரே மதிப்பெண்ணை உயர்த்திவிடுகிறது என்பது நீண்டகாலக் குறை. அதைக் களைவதே இதன் நோக்கம். மாணவர் உதவித்தொகை விண்ணப்பங்களிலும் இதே எண்ணத்தில் கல்லூரி மதிப்பெண்களைக் குறிப்பிடுவது கைவிடப்பட்டது. அண்மைய மாற்றங்களுள் விஞ்ஞானிகளிடையே பெரிய எதிர்ப்பு எழாத ஒன்றும் இதுவே எனலாம்.

2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட மற்றொரு மாற்றம், மதிப்பீட்டுப் பணி முழுவதையும் என்ஐஎச்-இன் அறிவியல் மதிப்பீட்டு மையத்திடம் ஒப்படைப்பது. முன்னரே சுமார் 78 சதவீத விண்ணப்பங்களை அம்மையமே கையாண்டு வந்தது. எஞ்சியவற்றைத் தனித்தனி நிறுவனங்கள் தம் சொந்தக் குழுக்களைக் கொண்டு மதிப்பிட்டு வந்தன.

ஆண்டுக்கு ஆறு விண்ணப்பங்கள்

2025 செப்டம்பர் 25 முதல் ஒரு முதன்மை ஆய்வாளர் ஒரு நாட்காட்டி ஆண்டில் ஆறு விண்ணப்பங்களுக்கு மேல் அனுப்ப இயலாது. பயிற்சி மானியங்களுக்கும் மாநாட்டு மானியங்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஒரே சுற்றில் 40-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பியவர்களும் இருந்ததைக் கண்டறிந்ததாக என்ஐஎச் தெரிவித்தது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே இதற்கு வழிவகுத்திருக்கலாம் என்றும் கூறியது.

ஆறு என்ற எண் தாராளமாகத் தோன்றும். ஆறுக்கு மேல் அனுப்புபவர்கள் மிகச் சிலரே என்று என்ஐஎச்-உம் கூறியுள்ளது. எனினும் கணக்கில் கவனம் தேவை. புதிய விண்ணப்பம் மட்டுமன்றி, நிராகரிக்கப்பட்டுத் திருத்தி மறுபடி அனுப்புவதும், பழைய மானியத்தைப் புதுப்பிக்கக் கோருவதும் தனித்தனியாக எண்ணப்படும். பல முதன்மை ஆய்வாளர்கள் இணைந்து அனுப்பும் விண்ணப்பம் அவர்கள் ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்றாகச் சேரும். பல கூட்டுத் திட்டங்களில் பெயர் சேர்த்துக்கொள்ளும் மூத்த ஆய்வாளர் ஒருவர் தம் சொந்தத் திட்டத்துக்கு இடமில்லாமல் போகும் நிலை இதனால் உருவாகலாம்.

பெருமளவில் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்ட விண்ணப்பங்களோ, அவ்வாறு எழுதப்பட்ட பகுதிகளைக் கொண்டவையோ விண்ணப்பதாரரின் சொந்தக் கருத்தாகக் கொள்ளப்பட மாட்டா என்றும் அதே அறிவிக்கை கூறுகிறது. மானியம் வழங்கப்பட்ட பிறகு இது கண்டறியப்பட்டால் ஆய்வு நேர்மைக்கான அலுவலகத்தின் விசாரணைக்கு அனுப்பப்படலாம்; மானியம் நிறுத்தப்படவும் கூடும். எழுத்துப்பிழை திருத்துவது போன்ற சிறு உதவிக்குத் தடையில்லை. ‘பெருமளவில்’ என்பதன் எல்லை எது என்பதை அறிவிக்கை அளவிட்டுச் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஆய்வாளர்களுக்கு அந்த இடைவெளி சிறிதன்று. மதிப்பீட்டாளர்கள் இக்கருவிகளைப் பயன்படுத்துவதற்கு 2023 முதலே தடை உள்ளது.

நல்ல மதிப்பெண் மட்டும் போதுமா?

மாற்றங்களுள் மிக ஆழமானது எது என்றால், மதிப்பெண்ணுக்கும் பணத்துக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருப்பதே. முன்பு பல நிறுவனங்கள் ஒரு வெட்டுப்புள்ளியை அறிவித்து வந்தன. அதற்குள் வந்தால் மானியம் ஏறக்குறைய உறுதி. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஒருங்கிணைந்த நிதியளிப்பு உத்தியின்படி இத்தகைய வெட்டுப்புள்ளிகள் இனி இல்லை. வல்லுநர் மதிப்பீட்டுடன் நிறுவனத்தின் முன்னுரிமைகள், ஆய்வாளரின் பணிக்கட்டம், மானியங்கள் நாட்டின் எந்தப் பகுதிகளுக்குச் செல்கின்றன என்பவையும் கருதப்படும்.

இதற்கு முன்னதாக, 2025 ஆகஸ்ட் 7 அன்று அதிபர் டொனால்ட் டிரம்ப் பிறப்பித்த நிர்வாக ஆணை, மத்திய அரசின் விருப்புரிமை மானியங்கள் அனைத்தையும் அதிபரால் நியமிக்கப்பட்ட மூத்த அலுவலர்கள் ஆராய வேண்டும் என்று கூறியது. வல்லுநர் குழுவின் பரிந்துரை ஆலோசனை மட்டுமே என்றும், அதை வழக்கமாக ஏற்கத் தேவையில்லை என்றும் அவ்வாணை தெளிவுபடுத்தியது. அரசின் முன்னுரிமைக்கு ஒவ்வாத மானியத்தை இடையில் முடித்துக்கொள்ளும் பிரிவை ஒப்பந்தங்களில் சேர்க்கவும் அது வழிசெய்தது.

நிதி கணக்கிடும் முறையும் போட்டியைக் கடுமையாக்கியது. ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வீதம் ஐந்தாண்டுகளுக்கு ஒரு மானியம் வழங்கப்படுவதாகக் கொள்வோம். வழக்கமாக முதலாண்டு நிதியிலிருந்து 5 லட்சம் மட்டுமே ஒதுக்கப்படும். முழுத் தொகையையும் முன்கூட்டியே ஒதுக்கினால் 25 லட்சம் டாலர் அந்த ஓராண்டின் கணக்கிலேயே போய்விடும். ஐந்து புதிய ஆய்வகங்களுக்குச் செல்லக்கூடிய தொகை ஒன்றுக்கே சென்றுவிடுகிறது. 2025 கோடையில் எஞ்சிய நிதியில் பாதியை இவ்வாறு வழங்குமாறு வெள்ளை மாளிகையின் நிதிநிலை அலுவலகம் பணித்ததைத் தொடர்ந்து, தேசியப் புற்றுநோய் நிறுவனம் தனது வெட்டுப்புள்ளியை 4 சதவீத நிலைக்குக் குறைத்தது. அதாவது 100 விண்ணப்பங்களில் முதல் நான்கு இடங்களுக்குள் வருபவற்றுக்கே வாய்ப்பு என்ற நிலை ஏற்பட்டது.

2026 நிதியாண்டுக்கு என்ஐஎச் நிதியை ஏறத்தாழ 40 சதவீதம் குறைக்கவும், 27 நிறுவனங்களை எட்டாகச் சுருக்கவும் வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை.

நீதிமன்றத்தில் நின்றவை

2025 பிப்ரவரி 7 அன்று வெளியான அறிவிக்கையே அதிகம் பேசப்பட்டது. மின்கட்டணம், கட்டடப் பராமரிப்பு, நிர்வாகம் முதலிய மறைமுகச் செலவுகளுக்கு இனி 15 சதவீதமே வழங்கப்படும் என்றும், மூன்றே நாள்களில் இது நடைமுறைக்கு வரும் என்றும் என்ஐஎச் அறிவித்தது. இதன் சராசரி அதுவரை 27 முதல் 28 சதவீதமாக இருந்தது. சில பல்கலைக்கழகங்கள் 60 சதவீதத்துக்கு மேலும் பெற்று வந்தன.

இந்தச் சதவீதம் பலராலும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 60 சதவீதம் என்றால் 100 டாலர் மானியத்தில் 60 டாலர் நிர்வாகத்துக்குப் போகிறது என்று பொருளன்று. ஆய்வின் நேரடிச் செலவு 100 டாலர் என்றால் அதற்கு மேல் 60 டாலர் தனியே வழங்கப்படும். மொத்தம் 160 டாலரில் அது 37.5 சதவீதம். புதிய அறிவிக்கையின்படி 160 டாலர் 115 டாலராகச் சுருங்கியிருக்கும். ஆண்டுக்கு 400 கோடி டாலருக்கு மேல் மிச்சமாகும் என்று அரசு கணக்கிட்டது.

22 மாநிலங்களும் மருத்துவக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் சங்கங்களும் வழக்குத் தொடர்ந்தன. மாசசூசெட்ஸ் கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஏஞ்சல் கெல்லி முதலில் இடைக்காலத் தடையும், 2025 ஏப்ரலில் நிரந்தரத் தடையும் விதித்தார். 2026 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இத்தகைய மாற்றத்துக்கு நிதியைச் செலவிடக் கூடாது என்று 2018 முதல் ஆண்டுதோறும் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் இடம்பெறும் ஒரு பிரிவே அரசுக்கு எதிராக நின்றது. ஆகவே 15 சதவீத வரம்பு நடைமுறையில் இல்லை. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இதே செலவுக்காக நெடுங்காலமாகவே 8 சதவீதம் மட்டும் வழங்கப்படுகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 15 சதவீதத்தில் ஆய்வகத்தை நடத்தவே முடியாது என வாதிட்டபோது இந்த ஒப்பீடு அதிகம் எழவில்லை.

நடப்பில் இருந்த மானியங்களை ரத்து செய்த விவகாரத்தில் முடிவு இவ்வளவு தெளிவானதன்று. பன்முகத்தன்மை, பாலின அடையாளம், தடுப்பூசித் தயக்கம் தொடர்பான நூற்றுக்கணக்கான மானியங்கள் 2025 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டன. இது சட்டவிரோதம் என ஜூன் மாதம் நீதிபதி வில்லியம் யங் தீர்ப்பளித்தார். ஆகஸ்ட் 21 அன்று உச்ச நீதிமன்றம், நிறுத்தப்பட்ட பணத்தைக் கோரும் வழக்குகள் அரசுக்கு எதிரான உரிமைக்கோரல் நீதிமன்றத்துக்கே செல்ல வேண்டும் என 5–4 என்ற பெரும்பான்மையில் கருதியது. ஆனால் ரத்துக்கு அடிப்படையான வழிகாட்டுதல்களைச் செல்லாதாக்கிய பகுதியில் அது தலையிடவில்லை. முடிவெடுக்கப்படாமல் தேங்கிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்க என்ஐஎச் 2025 டிசம்பர் இறுதியில் ஒப்புக்கொண்டது.

இந்திய நிறுவனங்களுக்கு என்ன மாறியது?

இந்தியப் பங்காளிகள் பெரும்பாலும் மானியத்தை நேரடியாகப் பெறுவதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மானியம் பெற்று, அதில் ஒரு பகுதியைத் துணை மானியமாக இங்குள்ள நிறுவனத்துக்கு வழங்குவதே வழக்கமாக இருந்தது. நோயாளிகளைச் சேர்த்தல், மாதிரிகளைத் திரட்டுதல், களப்பணி எனப் பெரும் உழைப்பு இங்கு நடந்தாலும், ஒப்பந்தம் இரு நிறுவனங்களுக்கு இடையிலானதாகவே இருந்தது.

2025 மே 1 அன்று இந்த வழி மூடப்பட்டது. வெளிநாட்டுத் துணை மானியம் அடங்கிய புதிய மானியங்களையோ புதுப்பிப்புகளையோ இனி வழங்குவதில்லை என என்ஐஎச் அறிவித்தது. பணம் எங்கே செல்கிறது என்பதை நேரடியாகக் கண்காணிக்க முடியவில்லை என்பதும், தேசப் பாதுகாப்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. மனிதர்கள் பங்கேற்கும் ஆய்வுகள் பாதியில் நின்றால் நோயாளிகளுக்கு ஆபத்து என்ற கவலை எழுந்ததால், அவற்றுக்கு மட்டும் பின்னர் இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது.

மாற்று முறை 2025 செப்டம்பரில் வெளியானது. ‘பிஎஃப்5’, ‘யுஎஃப்5’ என்ற புதிய வகைகளின்கீழ் இரு தரப்பும் ஒரே விண்ணப்பமாக அனுப்பலாம். மதிப்பீடும் ஒன்றாகவே நடக்கும். ஆனால் தேர்வானபின் வெளிநாட்டு நிறுவனத்துக்கு என்ஐஎச்-இடமிருந்து தனி மானியம் வழங்கப்படும். கணக்கு காட்டுவதும் அறிக்கை அளிப்பதும் நேரடியாக அமெரிக்க அரசுக்கே.

இதில் கண்ணியம் கூடுகிறது என்பது உண்மை. பொறுப்பும் கூடுகிறது. அமெரிக்க அரசின் ‘சாம்’ தளத்தில் பதிவு, நிறுவன அடையாள எண், என்ஐஎச்-இன் ‘ஈஆர்ஏ காமன்ஸ்’ கணக்கு ஆகியவை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். மானிய நிர்வாகத்துக்கென்று தனிப் பிரிவு வைத்துள்ள பெரிய நிறுவனங்களுக்கு இது இயலும். மாவட்ட அளவிலான மருத்துவக் கல்லூரிக்கோ சிறிய தொண்டு மருத்துவமனைக்கோ எளிதன்று.

இந்தியச் சட்டங்களும் இத்துடன் சேர்கின்றன. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்ற நிறுவனங்களே இந்நிதியைப் பெற முடியும். சில அரசு அமைப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கே வர வேண்டும். 2020 திருத்தத்தின்படி, பெற்ற நிதியை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதற்கும் தடை உள்ளது. எனவே பெரிய நிறுவனம் ஒன்று மானியத்தைப் பெற்றுச் சிறியவற்றுக்குப் பகிர்ந்தளிக்கலாம் என்ற எளிய தீர்வுக்கு இங்கு இடமில்லை. பன்னாட்டுக் கூட்டாய்வுகளுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியே சுகாதார அமைச்சகத்தின் ஆய்வுக் குழு அளிக்கும் ஒப்புதலும் தேவை.

கவனிக்க வேண்டிய பிற தேதிகள்

2025 ஜூலை 1 முதல் இதழ்களில் ஏற்கப்படும், என்ஐஎச் நிதியிலான ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும் நாளிலேயே ‘பப்மெட் சென்ட்ரல்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். முன்பிருந்த ஓராண்டு அவகாசம் நீக்கப்பட்டது. இந்திய வாசகர்களுக்கும் மாணவர்களுக்கும் இது நேரடியான பயன்.

2026 ஜனவரி 25 முதல் ஆய்வாளரின் தன்விவரமும், அவர் பெறும் பிற நிதி ஆதாரங்களின் பட்டியலும் மத்திய அரசின் பொதுப் படிவங்களில் ‘சயன்-சிவி’ மென்பொருள் வழியாகத் தயாரிக்கப்பட வேண்டும். ‘ஆர்கிட்’ அடையாள எண் கட்டாயம். வெளிநாட்டுப் பதவிகளையும் அங்கிருந்து பெறும் நிதியையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். இந்தியக் கல்வி நிறுவனங்களில் வருகைப் பேராசிரியராகவோ மதிப்புறு பதவியிலோ இருப்பவர்கள் ஊதியம் பெறாவிட்டாலும் அப்பதவியைக் குறிப்பிட வேண்டியிருக்கும்.

குறிப்பிட்ட தலைப்புகளில் விண்ணப்பங்களை வரவேற்கும் தனி அறிவிக்கைகளும் குறைக்கப்பட்டு வருகின்றன. அவற்றுக்குப் பதிலாக, நிறுவனங்கள் ஆர்வம் காட்டும் துறைகளின் பட்டியல் ‘சிறப்புத் தலைப்புகள்’ என்ற பெயரில் 2025 ஆகஸ்ட் முதல் வெளியிடப்படுகிறது. அத்தலைப்புகளுக்கெனத் தனி நிதியோ தனிக் கடைசி நாளோ கிடையாது. வழக்கமான பொது அறிவிக்கைகளின்கீழேயே விண்ணப்பிக்க வேண்டும்.